பயன்படுத்துபவர் செய்து காட்டும் வழி

புதிய பொருள் ஒன்று கடைக்கு வந்தால், அது ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்திருக்கும் என்றே எண்ணிக்கொள்கிறோம். வாங்குபவரின் பங்கு குறை சொல்வதோடும் ஆலோசனைப் பெட்டியில் சீட்டுப் போடுவதோடும் முடிந்துவிடுகிறது என்பது நம் நினைப்பு. பல துறைகளின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. பயன்படுத்துபவரே முதல் மாதிரியைச் செய்து, சோதித்து, திருத்தியும் முடித்த பிறகுதான் நிறுவனம் வந்து சேர்ந்திருக்கிறது.

மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளையே பாருங்கள். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய கனமான சைக்கிள்களில் மண்பாதைச் சரிவுகளில் இறங்கி விளையாடினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. செங்குத்தான இறக்கத்தில் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒருமுறை இறங்கினால் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். இந்தத் தொல்லை தாங்காமல் டிரம் பிரேக், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி, மேடேற உதவும் கியர் என்று ஒவ்வொன்றாக மாட்டினார்கள். 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், இந்த ஓட்டத்துக்கென்றே ஃபிரேம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற பெயரில் அத்தகைய சைக்கிளைப் பெருமளவில் தயாரித்து விற்றது.

பெரிய நிறுவனங்களுக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை? எந்த இறக்கத்தில் கிரீஸ் தீயும் என்பது இறங்கியவருக்குத்தான் தெரியும். தெரிந்தாலும், சில பேருக்காகத் தொழிற்சாலையை மாற்றியமைக்க நிறுவனத்துக்குக் கட்டுபடியாகாது. அந்தச் சில பேருக்கோ அடுத்த ஓட்டத்துக்குள் தீர்வு வேண்டும். எம்.ஐ.டி. பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1976இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் கருவிகள் சிலவற்றில் வந்த முக்கியமான மேம்பாடுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தை முதலில் செய்தவர்கள் அவற்றைப் பயன்படுத்திய விஞ்ஞானிகளே என்று காட்டினார்.

இப்படிக் கண்டுபிடித்ததைப் பலர் இலவசமாகவே பகிர்கிறார்கள். காரணம் எளிது. அவர்களுக்கான பலன் பொருளைப் பயன்படுத்துவதிலேயே கிடைத்துவிடுகிறது. பகிர்ந்தால் இன்னொருவர் அதைத் திருத்தித் தருவார். நிறுவனமே ஏற்றுக்கொண்டால், கையால் செய்ததைவிட உறுதியானதும் மலிவானதும் கடையில் கிடைக்கும்.

அமெரிக்காவில் 2013இல் நடந்தது இதற்குச் சாட்சி. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் சர்க்கரை அளவை உடலில் பொருத்திய சென்சார் தொடர்ந்து அளந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்க்கக் குழந்தையின் அருகில் இருந்தாக வேண்டும். ஒரு தந்தை, அலுவலகத்திலிருந்தே பார்க்கும்படி அந்த எண்களை இணையத்தில் ஏற்ற வழி கண்டார். மற்ற பெற்றோரும் கைகோக்க, அது ‘நைட்ஸ்கவுட்’ என்ற திறந்த மென்பொருளாக வளர்ந்தது. அடுத்து, இன்சுலின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ‘லூப்’ செயலியையும் நோயாளிகளும் குடும்பத்தினரும் எழுதினார்கள். அதிலிருந்து உருவான ‘டைட்பூல் லூப்’ 2023இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியைப் பெற்றது. இன்சுலின் அளவு பிசகினால் உயிருக்கே ஆபத்து. தேவையை உணர்ந்து வழி காட்டியவர்கள் பயன்படுத்துபவர்கள். பாதுகாப்பைச் சோதித்து உறுதிசெய்ய அமைப்பின் பலம் தேவைப்பட்டது. இரண்டில் எது குறைந்தாலும் வேலை நிறைவேறாது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியதைப் பொம்மை நிறுவனமான லெகோவின் அனுபவம் சொல்கிறது. 1998இல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ ரோபோவின் உள்மென்பொருளை ரசிகர்கள் சில வாரங்களிலேயே பிரித்தறிந்தார்கள். வழக்குப் போடலாமா என்று முதலில் யோசித்த நிறுவனம், பின்னர் அதை மாற்றி எழுதும் உரிமையை உரிம ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. இன்று, ‘லெகோ ஐடியாஸ்’ திட்டத்தில் 10,000 பேரின் ஆதரவைப் பெறும் வடிவமைப்பு பரிசீலனைக்கு எடுக்கப்படுகிறது. தயாரிப்புக்குத் தேர்வானால், உருவாக்கியவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம் கிடைக்கிறது.

பொருளைப் பிரித்துப் பார்க்கும் உரிமை, சொன்னதைக் கேட்க ஒரு பொறுப்பாளர், செய்தவருக்குப் பெயரும் பங்கும் ஆகிய மூன்றையும் தரும் நிறுவனத்திடம்தான் பயன்படுத்துபவர் தம் கண்டுபிடிப்பை நம்பி ஒப்படைப்பார். வாங்கியவர் கைவைத்தாலே உத்தரவாதம் ரத்து என்று எழுதிவைக்கும் நிறுவனம், தன் அடுத்த நல்ல பொருளைத் தானே தள்ளிவைக்கிறது.