மரத் தண்டவாளம் நடத்தும் பாடம்

மாணவர்களே, வேகமாக ஓடும் ரோலர் கோஸ்டர்தான் சிறந்தது என்று நினைக்கிறீர்களா? மெல்பர்ன் லூனா பூங்காவில் 1912 முதல் ஓடும் மர ரோலர் கோஸ்டரைப் பாருங்கள். கம்பிவடம் வண்டியை உயரத்தில் இழுத்துவிட்டதும் புவியீர்ப்பு அதை ஓட்டுகிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாகிறது. உராய்வு அதில் ஒரு பங்கை வெப்பமாக்குகிறது. வண்டியிலேயே ஒருவர் நின்று பிரேக்கை இயக்குகிறார். பாடநூலில் மனப்பாடம் செய்வது அங்கே கண்முன் நடக்கிறது.

அமெரிக்காவில் 1902-இல் கட்டப்பட்ட 'லீப் தி டிப்ஸ்' 1985-இல் நின்றுபோனது. சீரமைத்தார்கள், 1999-இல் மீண்டும் ஓடியது. உளுத்த மரத்தைக் கண்டறிந்து மாற்றுவதும் அறிவியல் வேலைதான்.

நம் கொடிமலையில் 1923-இல் கம்பிவட ரயில் ஓடத் தொடங்கியது. இறங்கும் பெட்டியின் எடை, ஏறும் பெட்டிக்குக் கைகொடுத்தது. அந்தப் பழைய மரப்பெட்டி இன்று காட்சிப்பொருள். புதிய ரயில் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால், நின்றுபோன இயந்திரம் பாதிப் பாடத்தைத்தான் நடத்தும். பழைய இயந்திரங்களில் சிலவற்றையாவது ஓடும் நிலையில் காக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த முறை கொடிமலைக்குப் போனால், படம் எடுத்ததும் நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பெட்டியை எந்த ஆற்றல் ஏற்றியது, அது எங்கே போனது என்று யோசியுங்கள்.