ரப்பர் ஊரில் ஒரு அழிரப்பர்

பொன்முடிக்குப் போகிற பேருந்துகள் மலையேறுமுன் மூச்சு வாங்கும் ஊர் வித்துரா. சாலையோரமெங்கும் ரப்பர் மரங்கள், சிரட்டையில் சொட்டும் பால். சமீபத்தில் அங்கே ஒரு தமிழ் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்தாவது முடித்த அவர் மகள் தன் புதுச் சொத்தை மேஜைமேல் பரப்பினாள். ஒன்பது பேனாக்கள் கொண்ட ஜப்பானியப் பெட்டி, நிப்புகள், நான்கு தூரிகைகள், மூன்று ரப்பர்கள். திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் சேருவது அவள் கனவு. "எதில் மாமா ஆரம்பிக்கிறது?" என்றாள். அப்பாவின் முகத்தில் பில் தெரிந்தது.

ஒன்றை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னேன்: 03 என்று எழுதிய பேனா. இந்த எண்கள் ஆளை ஏமாற்றும். சக்குரா நிறுவனத்தின் மைக்ரான் பேனாவில் 01 என்றால் 0.1 மில்லிமீட்டர் அல்ல, 0.25, 03 என்றால் 0.35. ஆரம்பத்திலேயே மிக மெல்லியதைப் பிடிப்பவர்கள் இலை நரம்பையே எண்ணிக்கொண்டிருப்பார்கள், மரம் வராது. அதோடு மெல்லிய முனை, அழுத்தி வரையும் புதுக் கையில் சீக்கிரம் மழுங்கிப் போகும்.

நிப் வேண்டாமா? வேண்டும், ஆனால் மழை விட்ட பிறகு. இடவப்பாதியில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிப் நாரில் சிக்கி மை தெறிக்கும். மை வாங்கும்போது 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். அதைத் தப்பித் தவறியும் பவுண்டன் பேனாவில் ஊற்றக் கூடாது. அரக்கு கலந்த இந்தியன் இங்க் உள்ளே காய்ந்தால் பேனா அதோடு சரி. (பள்ளி நாளில் அப்பாவின் பேனாவைக் கொன்ற அனுபவத்தில் சொல்கிறேன்.)

தூரிகைகளில் இரண்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நுனி கறுப்பு, நடுவில் வெளிர்மஞ்சள், அடியில் மறுபடி கறுப்பு. கீரி முடியின் அடையாளம் அது. கீரி, 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பிராணி. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பது குற்றம். ஒரு கீரியிடமிருந்து கிடைக்கும் நல்ல முடி கொஞ்சம்தான். அதற்காக அதைக் கொன்றே எடுக்கிறார்கள். பேப்பாறை வனவிலங்கு சரணாலயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி என்பதால் அவளுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. நைலான் தூரிகை இப்போது நன்றாகவே கிடைக்கிறது. ஐந்தாம் எண் ஒன்று போதும். கோடு தடித்து மெலிவதைக் கற்பிப்பது பேனா அல்ல, தூரிகைதான்.

கோட்டுக்கு அவள் யாரைப் பார்க்கலாம் என்றால் தூரம் போக வேண்டாம். 2023-இல் மறைந்த ஆர்ட்டிஸ்ட் நம்பூதிரி, எம்.டி.யின் 'ரண்டாமூழம்' தொடருக்கு வரைந்தவை இருக்கின்றன. நம் பக்கத்தில் ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்கள். இரண்டிலும் தயக்கமே தெரியாது.

கடைசியாக ரப்பர். 1770-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க ஒரு பொருள் வந்திருப்பதாக எழுதினார். அதுவரை ரொட்டித் துண்டுதான். தேய்ப்பதால்தான் ஆங்கிலத்தில் 'ரப்பர்' என்ற பெயரே. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் வெள்ளை ரப்பர் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அதில் மரத்தின் பால் ஒரு சொட்டும் இல்லை. ஸ்கேலோடு சேர்த்து டப்பாவில் போட்டால் சில மாதத்தில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். வாழ்நாள் முழுதும் பால் வெட்டிய அவள் பாட்டனாருக்கு இதைக் கேட்டு மகா கோபம்.

என்றாலும் வேலைக்கு அந்த மெத்தென்ற வெள்ளைதான் நல்லது. பிசைந்து உருட்டும் களிமண் போன்ற ரப்பர் இன்னும் நல்லது. ஒற்றி எடுத்தால் பென்சில் போய்விடும், மை வெளுக்காது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்று வருகிறதே, அந்த நீலத்தைத் தூக்கி எறியலாம். அதில் இருப்பது பொடி. மையை அழிப்பதில்லை, காகிதத்தைச் சுரண்டுகிறது. மையில் தப்பு நேர்ந்தால் வெள்ளை போஸ்டர் கலர், அல்லது தப்பை அப்படியே விட்டுவிடும் துணிச்சல்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு ரப்பர் மரத்தையும் சிரட்டையையும் வரைந்துவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பென்சில் கோட்டை அழிக்க வெள்ளை ரப்பரை எடுத்தவளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார். "இரு மோளே, மை காயட்டும்."