ஊர் நடுவே மைதானம் யாருக்கு?

2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் நெரிசலில் சிக்கிப் பதினொரு பேர் மாண்டார்கள். முந்திய இரவுதான் ஆமதாபாத்தில் பெங்களூர் அணி முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றிருந்தது. வெற்றி விழாவைப் பார்க்க வந்தவர்கள் லட்சக்கணக்கானோர். அரங்கில் இருந்த ஆசனங்கள் சுமார் 35,000. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆயினும் போட வேண்டியவர்கள் போடவில்லை.

அதன்பின் விசாரணை நடத்திய நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா கமிஷன், இந்த அரங்கின் அமைப்பே பெருங்கூட்டத்துக்கு ஏற்றதல்ல என்று கூறிற்று. வாசல்கள் நேராக நடைபாதையில் திறக்கின்றன. வரிசையில் நிற்பவன் தெருவில்தான் நிற்க வேண்டும். கூட்டமும் போக்குவரத்தும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. 1970-களில் கட்டிய அரங்கு அது. 1974-இல் மேற்கிந்தியத் தீவுகளுடன் அங்கு முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தபோது பெங்களூர் வேறு ஊர். இப்போதிருக்கும் பெங்களூர் வேறு ஊர்.

கமிஷன் அறிக்கைக்குப் பிறகு வந்த அறிவிப்பு, நகரின் தெற்கெல்லைக்கு அப்பால், பொம்மசந்திரா பக்கம் சூர்யா சிட்டியில் 80,000 பேர் அமரக்கூடிய புதிய விளையாட்டரங்கம் கட்டப்படும் என்பது. 1,650 கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். ஓசூர் சாலையில் போய்வரும் தமிழர்களுக்கு இடம் நன்றாகத் தெரியும். அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு இப்பால்தான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடத்தில் மெட்ரோ ரயிலும் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. லட்சம் பேர் கூடும் கேளிக்கைக்கு ஊருக்கு வெளியே விசாலமான இடம் தேடுவதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த அறிவிப்பின் நிழலில் இன்னொரு பேச்சும் எழுகிறது. ஊர் நடுவில் மைதானமே எதற்கு, எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விட்டால் என்ன, என்று கார்களில் போகிறவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கஸ்தூர்பா சாலையில் அரைமணி நேரம் நின்றவனுக்கு அந்த எண்ணம் வருவது இயற்கையே. அது பலித்துவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

சின்னசாமி ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கப்பன் பூங்காவின் மறுகோடியில் கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிறது. பலநோக்கு விளையாட்டரங்கம் என்றால் பெங்களூரில் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். கர்நாடக அரசின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறையின் பொறுப்பில் உள்ளது. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் புதுப்பித்துக் கட்டப்பட்டது. வெளியரங்கில் சுமார் 25,000 பேர் அமரலாம். பக்கத்திலேயே 4,000 பேர் கொள்ளும் உள்ளரங்கம்.

பெயருக்குரியவர் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார். 1638 முதல் 1659 வரை ஆண்டவர். அவரைப் பற்றிய ஒரு கதையில் தமிழ்நாடும் வருகிறது. திருச்சிராப்பள்ளியில் ஒரு பெயர்பெற்ற மல்லன் தன்னை வெல்வார் இல்லையென்று செருக்குடன் இருந்தானாம். இளைஞரான கண்டீரவர் மாறுவேடத்தில் திருச்சிக்குப் போய், கோதாவில் இறங்கி அவனை வீழ்த்திவிட்டு, பெயர் சொல்லாமல் திரும்பிவிட்டாராம். எவ்வளவு உண்மையோ தெரியாது. விளையாட்டரங்குக்குச் சூட்ட இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. டாக்டர் ராஜ்குமார் 1960-இல் இதே மன்னராகத் திரையில் நடித்தார். 2006-இல் அவர் மறைந்தபோது உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதும் இதே அரங்கில்தான். 2018-இல் அம்பரீஷுக்கும், 2021-இல் புனித் ராஜ்குமாருக்கும் அங்கேதான் ஊர் கூடி அஞ்சலி செலுத்தியது. பலநோக்கு என்று வரைபடத்தில் எழுதிய எஞ்சினீயர்கள் இந்த நோக்கத்தை நினைத்திருக்க மாட்டார்கள். நகரத்துக்கு நடுவில் திறந்த இடம் ஒன்று தேவைப்படுகிறது என்பதற்கு இதுவும் அத்தாட்சி.

அந்த இடம் முன்பு ஏரி. சம்பங்கி ஏரி என்று பெயர். 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை சுற்றுப்புறங்களுக்கு அதுவே ஆதாரம். ஏரித் தண்ணீரைக் கொண்டு பூவும் காய்கறியும் பயிரிட்டவர்கள் திகளர்கள். திகளர் என்ற கன்னடச் சொல்லே தமிழரைக் குறிக்க வழங்கியது; பல தலைமுறைகளுக்கு முன் தமிழ் மண்ணிலிருந்து வந்து தோட்டத் தொழிலில் ஊன்றியவர்கள் என்று வரலாறு கூறுகிறது. குழாய் வந்தது, ஏரி தேவையில்லை என்றாயிற்று, 1930-களுக்குள் பெரும்பகுதி தூர்ந்து, மிஞ்சியது ஒரு சிறு குளம்.

பெங்களூரில் இது தனிக்கதை அல்ல. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. சூளை ஏரி அசோக் நகர் கால்பந்து மைதானமாயிற்று. கோரமங்கலாவில் ஏரி இருந்த பகுதியில் தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. வாங்குவதற்கு நிலம் தேட வேண்டாம், ஏரி நம்முடையதுதானே என்பது அன்றைய அதிகாரிகளின் கணக்கு. நீர் போனது போயிற்று. ஆனால் ஒன்று: ஏரியாக இருந்தவரை அது பொதுச் சொத்து, மைதானமானபோதும் பொதுச் சொத்து. அந்தப் பொதுத்தன்மையும் போய்விட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

இனி பலநோக்கு என்ற சொல்லுக்கு வருவோம். அரசாங்கக் கோப்புகளில் அச்சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஒரே செலவில் பத்து விளையாட்டு என்றால் நிதியமைச்சர்களுக்குக் கசக்குமா? உள்ளரங்கத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. கண்டீரவா உள்ளரங்கில் 2019-இல் மகளிர் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டிகள் நடந்தன. பெங்களூர் புல்ஸ் அணியின் கபடிப் பந்தயங்களும் நடந்திருக்கின்றன. மரத்தரைமேல் விரிப்பைப் போட்டால் கபடி. விரிப்பைச் சுருட்டினால் கூடைப்பந்து. ஓர் இரவு வேலை. சாமான்களை வைக்கக் கிடங்கும், லாரி உள்ளே வர வழியும், தரையை மாற்றப் பழகிய ஆட்களும் இருந்தால் போதும்.

வெளியரங்கின் சங்கதி வேறு. சுற்றிலும் 400 மீட்டர் ஓடுபாதை, நடுவில் புல்தரை. 2014 முதல் பெங்களூர் எஃப்.சி. கால்பந்து அணி அங்கே ஆடி வருகிறது. 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று தோற்கடித்து ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டத்துக்குப் போனது இங்கிருந்துதான். அந்த இரவின் ஆரவாரம் ஊர் மறக்கக்கூடியது அல்ல. ஆனால் அதே புல்தரைதான் தடகளத்தில் எறிபவர்களுக்கும் இடம். ஆடவர் சம்மட்டியின் எடை 7.26 கிலோ. அது எழுபது மீட்டர் பறந்து வந்து விழுந்தால் புல்தரையில் குழி விழும். ஈட்டி குத்திய இடத்தில் மண் பெயரும். கால்பந்துக்காரர்களோ, மட்டமான தரையில் ஒரு பள்ளம் இருந்தால் ஆட்டக்காரனின் கணுக்கால் போய்விடும் என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது நியாயமே. ரசிகனுக்கும் குறை, ஓடுபாதை குறுக்கே கிடப்பதால் கோல் கம்பம் அவனுக்கு எட்டாத தொலைவில் நிற்கிறது.

இப்படி ஒன்றுக்கொன்று இடிக்கும் விளையாட்டுகளை ஒரே தரையில் சேர்ப்பதற்கு உலகில் வழி இல்லாமல் இல்லை. 2014-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசிய அரங்கில் கீழ்வரிசை ஆசனங்கள் நகர்ந்து வந்து ஓடுபாதையை மூடிக்கொள்கின்றன. தடகளம் என்றால் பின்வாங்குகின்றன. ஆயிரம் கோடிகளை விழுங்கும் ஏற்பாடு. அத்தனை செலவு செய்தும் திறந்த ஆண்டில் அங்கே புல் சரியாக வளரவில்லை என்று வெளிநாட்டு அணிகள் முணுமுணுத்தன. இயந்திரத்தால் ஆகாததைக் காலண்டரால் செய்யலாம். எந்த மாதம் எந்த விளையாட்டுக்கு, எந்த நேரம் யாருக்கு என்று முன்கூட்டியே வகுத்து, வகுத்தபடி நடந்துகொண்டால் பாதித் தகராறு தீரும்.

நடைமுறையில் நடப்பது என்ன? வாடகை அதிகம் தருபவன் கேட்கும் தேதிதான் காலண்டர். பெரிய நிகழ்ச்சி ஒன்று என்றால், அது மூன்று மணி நேர நிகழ்ச்சியாக இருந்தாலும், மேடை கட்ட, கம்பி இழுக்க, பிரிக்க என்று பல நாள் போய்விடும். அத்தனை நாளும் காலையில் ஓடிப் பழக வரும் பையனும் பெண்ணும் வாசலில் நின்று திரும்ப வேண்டும். தனியார் அணிக்கு வழக்கறிஞர் உண்டு, ஒப்பந்தம் உண்டு. காலை ஐந்தரை மணிக்கு ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைக்கு எது உண்டு?

தனியார் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2025 ஜூலை 5-ஆம் தேதி, சின்னசாமி துயரம் நடந்து சுமார் ஒரு மாதத்தில், நீரஜ் சோப்ரா பெயரிலான சர்வதேச ஈட்டி எறிதல் போட்டி கண்டீரவாவில் நடந்தது. நீரஜ் 86.18 மீட்டர் எறிந்து முதலிடம் பெற்றார். கென்யாவின் ஜூலியஸ் யெகோ இரண்டாவது. இலங்கையின் ருமேஷ் பதிரகே மூன்றாவது. ஈட்டி எறிதலுக்கென்றே டிக்கெட் வாங்கி மக்கள் வந்தார்கள் என்பது இந்நாட்டில் புதுமை. நகர நடுவில் பெரிய போட்டி நடத்தவே முடியாது என்போருக்கு அது பதில். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, அதே தரையில் எறிய எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது? பலநோக்கு என்ற சொல் மெய்யா பொய்யா என்பது அங்கேதான் தெரியும்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. அல்சூரில் கௌதமபுரம் என்றொரு பேட்டை. பெரும்பாலும் தமிழர்கள் வாழும் இடம். அங்கே கால்பந்து வீரர் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கால்பந்தை அப்படிக் கொண்டாடும் சந்துகள் ஆஸ்டின் டவுனிலும் உண்டு. இந்த ஊர் கால்பந்துக்குத் தந்தது கொஞ்சமல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதல் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். கௌதமபுரத்துப் பையன் கண்டீரவாவுக்குச் சைக்கிளில் போய்விடலாம். காலையில் பழகிவிட்டு ஒன்பது மணிப் பள்ளிக்கும் வந்துவிடலாம். சூர்யா சிட்டி அவனுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல். மெட்ரோ இருக்கிறதே என்றால், போக வர டிக்கெட் யார் தருவது? பிள்ளையைத் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? பெண் குழந்தையானால் அன்றோடு விளையாட்டு நின்றது. கார் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மைதானம் எங்கே போனாலும் கவலையில்லை.

ஆகவே புதிய அரங்கம் எழட்டும். 80,000 பேரும் அங்கே போகட்டும். அந்த 1,650 கோடியில் ஒரு சிறு பங்கு ஊர் நடுவிலிருக்கும் பழைய மைதானங்களுக்கும் வர வேண்டும். எதற்கு? எறிபவர்கள் பழகுவதற்குத் தனியாக ஒரு துண்டு நிலம், அது பக்கத்துப் பேட்டையில் ஒரு கல்லூரி மைதானமாக இருந்தாலும் சரி. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மக்கள் நிற்க வேலியிட்ட திடல். பெரிய நிகழ்ச்சி நாட்களில் கப்பன் பூங்கா மெட்ரோவிலிருந்து நடந்து வர வெளிச்சமுள்ள பாதை. கார் நிறுத்தும் இடத்தை மேலும் பெருக்கினால் கார்கள்தான் பெருகும் என்பதைப் போலீஸ் இலாகாவைக் கேட்டாலே சொல்வார்கள்.

இன்னொன்று, ஒரு பலகை. காலை ஐந்தரை முதல் எட்டரை வரையும், மாலை நான்கு முதல் ஆறு வரையும் பயிற்சிக்கு என்று சட்டபூர்வமாக ஒதுக்கி, அதை வாசலில் எழுதி வைக்க வேண்டும். எந்த நிகழ்ச்சிக்காக அந்த நேரம் பறிக்கப்படுகிறது, அதற்கு எவ்வளவு வாடகை வந்தது, அந்தப் பணம் எந்தக் கணக்கில் போயிற்று என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். ஆண்டில் இத்தனை நாளுக்கு மேல் பயிற்சியை நிறுத்தக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தால் வாடகைக்காரர்களும் தங்கள் தேதிகளை அதற்குள் அமைத்துக்கொள்வார்கள். அரங்கம் கிடைக்காமல் அவர்கள் ஊரை விட்டுப் போய்விட மாட்டார்கள். நாலாயிரம் பேர் அமரும் வசதியுள்ள உள்ளரங்கம் நகர மையத்தில் அவர்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

வரைபடம் போடுகிறவர்கள் மறக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. ஸ்டேடியத்தின் பக்கத்தில் வேலிக்குள் மிஞ்சி நிற்கும் அந்தச் சம்பங்கிக் குளம். ஒவ்வோராண்டும் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டிய கரகத் திருவிழாவில், திகளர்பேட்டை தர்மராயர் கோவிலிலிருந்து வந்து, திரௌபதி அம்மனின் கரகத்தை அக்குளத்தருகே எடுக்கிறார்கள். ஏரி போய், தோட்டம் போய், பேட்டைகளின் பெயர்களும் மாறிய பிறகும் அந்த வழக்கம் நிற்கிறது. ஸ்டேடியத்தை விரிவாக்குவதானால் அந்தக் குளத்தையும், கரகம் புறப்பட்டுப் போகும் பாதையையும் அளந்து முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் தூண் நடட்டும்.