தர்காவுக்குள்ள டாக்டருக்கு என்ன வேலை?

நேத்து டீக்கடையில நண்பர் ஒருத்தரோட சரியான சண்டை. ஏர்வாடி தர்காவுக்கு வர்றவங்களுக்காக அங்கேயே அரசு மனநல மருத்துவரைக் கொண்டுபோய் உட்கார வெச்சாங்களேன்னு பேச்சுவாக்குல சொன்னேன். மனுஷன் எகிறிட்டார். "அரசாங்கமே மூடநம்பிக்கைக்கு முட்டுக் கொடுக்குதா? இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதானே?"

பகுத்தறிவுச் சிங்கமே, கொஞ்சம் பொறுங்க.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை, சங்கிலி போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். (தர்காவே எரிஞ்ச மாதிரி இன்னமும் பேசுறாங்க. அது தர்காவைச் சுற்றிக் காசுக்கு நடந்த விடுதிகளில் ஒண்ணு.) உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நண்பர் சொன்ன மாதிரியே விடுதிகளை இழுத்து மூடினாங்க.

ஜனங்க வர்றதை நிறுத்திட்டாங்களா? ராத்திரி பூரா தூங்காம அலறுற பிள்ளையை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா எங்கே போவா? மனநல ஆஸ்பத்திரி வாசல்ல ஏறினா 'பைத்தியம்'னு பேரு ஒட்டிக்கும், தங்கச்சி கல்யாணம் நின்னுபோகும். தர்கான்னா நேர்ச்சைன்னு சொல்லிக்கலாம். இந்து, முஸ்லிம் எல்லாருந்தான் போறாங்க.

குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதர் தர்காவில் இதை முன்பே செய்து பார்த்தார்கள். தவா, துவா. அதாவது மருந்தும் வேணும், பிரார்த்தனையும் வேணும். ஓதுறவர் ஓதட்டும், முடிஞ்சதும் டாக்டர்கிட்ட அனுப்பட்டும். டாக்டர் சொல்லி முழுங்காத மாத்திரையை முஜாவர் சொன்னா முழுங்குவாங்கய்யா! இந்தச் சூட்சுமம் புரியாம என்ன பகுத்தறிவு?

இந்தப் பக்கம் 'எங்க நம்பிக்கையில கை வைக்காதே'ன்னு வரிஞ்சு கட்டுறவங்களுக்கும் ஒண்ணு. சங்கிலி நம்பிக்கை கிடையாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாதுன்னு தெளிவாவே சொல்லுது.

என் பயம் வேற. கூட்டு முயற்சின்னா கலெக்டரோட நின்னு போட்டோ எடுக்கிறதில்லை. மாத்திரை தீர்ந்துபோகக் கூடாது, டாக்டர் லீவுன்னா இன்னொருத்தர் வரணும், ஊருக்குத் திரும்பினவன் மருந்தை விட்டுட்டானான்னு யாராவது போய்ப் பார்க்கணும். இதெல்லாம் அரசு வேலை. தர்கா தலையில கட்டிட்டு நழுவினா, பழைய கொட்டகை இன்னொரு பேர்ல முளைக்கும்.

இவ்வளவும் சொன்னேன். நண்பர் பதிலே பேசலை. டீக்காசும் நாந்தான் கொடுத்தேன்.