ஏஜெண்டு பார்த்துக்கொள்வார் என்னும் வாதம்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ கச்சிராயபாளையத்திலோ ஒரு குடும்பம் தன் பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதென்று தீர்மானித்த மாத்திரத்தில், அந்தக் குடும்பத்துக்கு நாலு பக்கத்திலிருந்தும் கிடைக்கும் உபதேசம் ஒன்றே: "பணத்தைக் கட்டிவிடு, காகித விஷயமெல்லாம் ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்." கரும்பும் மரவள்ளியும் கைகொடுக்காத வருஷத்தில், நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் பணம் திரட்டுகிறவர்கள், எந்தக் காகிதத்தின் பலத்தில் தங்கள் பிள்ளை அந்நிய தேசத்தில் இரண்டு வருஷம் குடியிருக்கப் போகிறான் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. இவ்வாறு உபதேசிப்பவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பெரும்பாலும் தாமே போய் வந்தவர்கள். ஆயினும் அவர்கள் சொல்வது தவறென்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஏஜெண்டு அனுபவசாலி, போகிறவனுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்பது அவர்களுடைய முதல் வாதம். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, மத்திய சர்க்காரிடம் பதிவுச் சான்றிதழ் பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாகாது. ஆனால் நம் கிராமங்களுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் அநேகமாகச் சான்றிதழ் பெற்றவர் அல்லர். சென்னையிலோ மும்பையிலோ உள்ள யாருக்கோ ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜெண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டு, போகிறவர் ஒருவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது கொடுத்தாக வேண்டும். லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கைமாறும் பணத்துக்கு ரசீது ஏது? நாளை ஒரு சங்கடம் நேர்ந்து புகார் எழுதும்போது, வாங்கியவர் யார், எவ்வளவு, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் குடும்பத்தாரிடம் பதில் இருப்பதில்லை.

கல்வராயன் மலைவாசிகளுக்கு இந்த நம்பிக்கை என்ன செய்தது என்பதை இந்த ஜில்லா ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து, அதற்குப் பின்னரே சர்க்கார் நிர்வாகத்தை நேராகக் கண்ட மலையாளி என்னும் அந்தப் பழங்குடி மக்கள், முன்பணம் கொடுக்கும் மேஸ்திரியின் வார்த்தையை நம்பி வண்டியேறுவதற்கே பழகியவர்கள். கேரளத்து மிளகுத் தோட்டத்துக்குப் போனவர்கள் கூலியோடு திரும்பினார்கள். கட்டட வேலை, மரம் வெட்டும் வேலை என்று சொல்லி ஆந்திரத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களோ, சேஷாசலம் காட்டில் செம்மரக் கோடாலியோடு பிடிபட்டு, பாஷை தெரியாத கோர்ட்டுகளில் நின்றார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி அந்தக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழர்களும் வடதமிழ்நாட்டு ஏழைத் தொழிலாளிகளே. எங்கே, என்ன வேலைக்கு, யாருடைய அனுமதியோடு போகிறோம் என்பதை அறியாமல் ஏறிய பிரயாணத்தின் தண்டனையை, ஏற்றி அனுப்பிய தரகர் அனுபவிப்பதில்லை, ஏறியவனே அனுபவிக்கிறான். மாநில எல்லையைத் தாண்டியதற்கே கதி இதுவென்றால், தேச எல்லையைத் தாண்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம், டூரிஸ்ட் விசாவிலோ விசிட் விசாவிலோ போய் இறங்கி, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பது. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது; துபாய் போன்ற இடங்களில் வேலை கிடைத்தபின் முறைப்படி விசாவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு நாள் வேலை செய்தாலும் அது குற்றம் என்பதையும், மாற்ற மனமில்லாத முதலாளியிடம் மாட்டிக்கொண்டால் நாளுக்கு நாள் அபராதம் ஏறும் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் கிளியரன்ஸ் அவசியம். அதைப் பெறும்போதுதான் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், வேலை நேரம், இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயில் பத்து லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் கிடைக்கிறது. டூரிஸ்டுக்கு இந்தக் கிளியரன்ஸ் தேவையில்லை. ஆகவே குறுக்குவழியை விரும்பும் தரகர் பையனை டூரிஸ்டாக்கி விடுகிறார். பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து, 1860க்குப் பின் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகள்கூட, கூலியும் கெடுவும் எழுதிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தே போனார்கள். கொடிய ஒப்பந்தமாயினும் அப்படி ஒன்று இருந்தது. இன்றைய விசிட் விசாப் பிரயாணியின் கையில் அதுவும் இல்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி அடித்து வதைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். படித்த பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை.

இனி, எல்லாவற்றிலும் அபாயகரமான மூன்றாவது வாதத்துக்கு வருவோம். "ஃப்ரீ விசா வாங்கிக்கொண்டு போ; எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்" என்கிறார்கள். வளைகுடா நாட்டுச் சட்டம் எதிலும் இப்படி ஒரு விசா கிடையாது. யாரோ ஒரு கஃபீல், அதாவது ஸ்பான்சர், தன் பெயரில் விசா எடுத்து விற்கிறார். வாங்கியவன் வேறிடத்தில் வேலை பார்க்கிறான். வருஷா வருஷம் இகாமா என்னும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அந்தக் கஃபீலுக்கே கப்பம் கட்டுகிறான். அவருக்கு மனஸ்தாபம் வந்த அன்றே, ஓடிப்போய்விட்டான் என்று "ஹுரூப்" பதிந்துவிடுகிறார். அதன்பின் அவன் சட்டவிரோதி ஆகிவிடுகிறான்.

விசா நகலில் அரபியில் எழுதியிருக்கும் தொழில் என்ற ஒற்றை வரியை நம்மவர்கள் படிப்பதே இல்லை. கம்பெனி டிரைவர் வேலை என்று நம்பிப் போகிறவனுடைய நகலில் அந்த இடத்தில் வீட்டு டிரைவர் என்றோ ஆடு மேய்ப்பவர் என்றோ இருக்கலாம். அந்த ஒரு வரியில் அவனுடைய உரிமைகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. சவூதி அரேபியா 2021 மார்ச்சில், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி முதலாளியின் சம்மதம் இன்றியே வேறிடம் மாறலாம், ஊர் போய் வரலாம் என்று விதிகளைத் தளர்த்தியபோது, வீட்டு வேலையாட்கள், வீட்டு டிரைவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தோட்ட வேலையாட்கள் ஆகியோரை அந்தச் சலுகைக்குப் புறம்பாகவே நிறுத்தியது. குவைத்திலும் வீட்டு வேலைக்கு 20ஆம் பிரிவு, கம்பெனி வேலைக்கு 18ஆம் பிரிவு. முன்னதில் போனவன் கடையில் நின்று வேலை செய்யும்போது பிடிபட்டால், நாடு கடத்தலே முடிவு. அந்த அரபி வரியைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்து வைத்தால் பத்திரம் என்கிறார்களே, அதற்கு நீண்ட பதில் வேண்டாம். 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து; தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதை அமீரகமும் சவூதியும் தங்கள் சட்டத்திலேயே தடை செய்திருக்கின்றன. சிங்கப்பூருக்குப் போகிறவர்களும், விமானம் ஏறுமுன் முதலாளி அனுப்பும் கொள்கை அளவிலான அனுமதிக் கடிதத்தில் உள்ள சம்பளமும் பிடித்தங்களும் ஏஜெண்டு சொன்னதோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

சர்க்கார் வழி தாமதம், அது படித்தவனுக்குத்தான் என்ற கடைசி வாதத்தில் நியாயமான மனக்குறை ஒன்று இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்தும், கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருப்பவனுக்கு அது சென்னையில் இருக்கிற ஒரு பெயரே. பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் மத்திய சர்க்காரின் இமைக்ரேட் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தும், மலையில் அதைத் திறந்து காட்ட ஆள் இல்லை. குறை வழியில் இல்லை. வழி காட்டுவார் இல்லாததில் இருக்கிறது. ஆகவே, கள்ளக்குறிச்சி ஜில்லா நிர்வாகம், 2019இல் தனி ஜில்லாவானதன் பயன் மலைக்கும் எட்டும்படியாக, வெள்ளிமலையிலும் சங்கராபுரத்திலும் மாதம் ஒரு நாளாவது ஓர் உத்தியோகஸ்தரை உட்கார வைத்து, வெளிநாடு போகிறவர்களின் விசா நகலையும் ஒப்பந்தத்தையும் தமிழில் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன் மத்திய சர்க்காரின் 1800 11 3090 என்ற இலவச உதவி எண்ணுக்கு ஒரு முறை பேசிவிடுங்கள்.