டாங்கிக்கு எது சரியான பச்சை?

என்னோட 1/35 டைகர் டாங்கி பொம்மையைப் பார்த்துட்டு ஒரு நண்பர் தீர்ப்பு சொன்னார்: "பச்சை கொஞ்சம் தூக்கல். தப்பு!"

சாமி, எது சரியான பச்சை? 1943 பிப்ரவரியில் வந்த உத்தரவுப்படி ஜெர்மன் ஆலைகள் அடித்தது அடர்மஞ்சள் மட்டும்தான். பச்சையும் செம்பழுப்பும் கெட்டிப் பசையாக டப்பாவில் போயின. போர்முனையில் வீரர்கள் தண்ணீரோ பெட்ரோலோ, கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள். அப்புறம் எப்படி எல்லாம் ஒரே பச்சையாக இருக்கும்?

அதுக்காக இஷ்டத்துக்கு அடிக்கலாம்னு சொல்லலை. 1942 ஸ்டாலின்கிராட் டாங்கிக்கு இந்த மூணு நிறம் அடிச்சா நானே சண்டைக்கு வருவேன். வவுச்சரில் தேதி தப்பினால் ஆடிட்டர் விடமாட்டார். மை வெளிறியிருந்தால் யார் கேட்பா?

தேதியைப் பாருங்க மக்களே. நிற அட்டையை மூடி வைங்க!