வயலில் விளையும் பெட்ரோல்

இன்று பெட்ரோல் நிலையத்தில் ஒரு லிட்டர் வாங்குகிறவர், அதில் ஐந்தில் ஒரு பங்கை வயலிலிருந்து வாங்குகிறார். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்க வேண்டும் என்ற இலக்கு 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் 2030க்கென வைக்கப்பட்டது. பின்னர் அது முன்னே இழுக்கப்பட்டு 2025லேயே எட்டப்பட்டும் விட்டது. கரும்பும், அரிசியும், மக்காச்சோளமும் எரிசாராயமாகி வண்டிகளை ஓட்டுகின்றன.

இதற்கு அரசு கூறும் காரணங்கள் பொய்யல்ல. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. ஆலைகளின் நிலுவை தீர்ந்து கரும்பு விவசாயிக்குப் பணம் வருகிறது. வண்டிப் புகையில் கரியமில நஞ்சு குறைகிறது. எல்லாம் சரி. வரவைச் சொன்னவர்கள் செலவையும் சொல்ல வேண்டுமல்லவா? அந்தச் செலவுக் கணக்கைத்தான் இம்மாதம் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு சற்றுப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளில் பத்து லிட்டர் நிரப்புகிறோம். அதில் இரண்டு லிட்டர் எத்தனால். ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் எடுக்கலாம் என்பது ஆலைகளின் கணக்கு. அப்படியானால் இரண்டு லிட்டருக்கு நாலரைக் கிலோ அரிசி தேவை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓர் ஏழைக்கு ஒரு மாதத்துக்கு வழங்கப்படும் தானியம் 5 கிலோ. மக்காச்சோளமென்றால் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். கரும்பென்றால் தானியம் போகாது, தண்ணீர் போகும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது. நம் இரண்டு லிட்டருக்கு 5,720 லிட்டர்! ஒரு வீட்டின் மேல்நிலைத் தொட்டியை ஐந்தாறு முறை நிரப்பலாம்.

எல்லா எத்தனாலும் இப்படி உணவைப் பறித்து வருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை முழுவதையும் எடுத்த பின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சுவதில் யாருக்கும் இழப்பில்லை. இத்திட்டம் தொடங்கியது அங்கேதான். ஆனால் இருபது பங்கு என்ற பெரும் பசிக்குக் கழிவுப்பாகு போதவில்லை. கரும்புச் சாற்றையே நேராகக் காய்ச்சினார்கள். 2023இல் மழை பொய்த்துக் கரும்பு குறைந்ததும், அவ்வாண்டு டிசம்பரில் சாற்றுக்குத் தடை போட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் தடையை நீக்கினார்கள். இதற்கிடையே சுமை தானியத்தின் மேல் விழுந்தது. 2023-24ஆம் ஆண்டில் மக்காச்சோளமே எத்தனாலுக்கு முதற்பெரும் மூலப்பொருளாயிற்று. வழக்கமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024இல் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் சோளத்தை இறக்குமதி செய்ய நேர்ந்ததை என்னென்பது? நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களின் தீவனம் அது. தீவனம் ஏறினால் முட்டையும் ஏறும்.

அரிசியின் கதை நம் வீட்டுக்கு இன்னும் அருகே வருகிறது. உடைந்த நொய்யரிசிதான் எத்தனால் ஆலைகள் நாடும் சரக்கு; கோழித் தீவனமும் அதுவே. நோன்புக் கஞ்சிக்கு நம் பள்ளிவாசல்களில் கொதிப்பதும் அந்த நொய்தான். 2022 செப்டம்பரில் நொய்யரிசி ஏற்றுமதியை அரசு தடை செய்தபோது, அதன் விலையேற்றத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுள் எத்தனாலும் ஒன்று. 2023 ஜூலையில் உணவுக் கழகத்தின் அரிசியை ஆலைகளுக்குத் தருவது நிறுத்தப்பட்டது. கிடங்குகள் நிரம்பியதும் மீண்டும் திறக்கப்பட்டு, 2024-25க்கு 52 லட்சம் டன் ஒதுக்கப்பட்டது, கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு! அந்த அரிசியைக் கொள்முதல் செய்து காத்து வைக்க அரசுக்கு ஆகும் அடக்கச் செலவு இதைவிட மிக அதிகம். கிடங்கில் மக்கிப் போவதைவிட எரிபொருளாவது மேல் என்பார்கள். மக்கிப் போகுமளவுக்கு ஏன் குவித்தார்கள் என்பது வேறு கேள்வி.

மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவனின் தந்தை, தேவாரம் அருகே மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவர், சென்ற ஆவணியில் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். "ஹஜ்ரத், சோளமும் மொச்சையும் போட்டுப் போட்டு என்ன கண்டோம்? வியாபாரி ஒருவர் வருகிறார். ஐந்து ஏக்கரும் மக்காச்சோளம் போடுங்கள், போர் இறக்கினால் இரண்டு போகம் எடுக்கலாம், பெட்ரோலுக்குப் போகிற சரக்கு, விலை இறங்கவே இறங்காது என்கிறார்" என்றார். நான் விவசாயி அல்லன். ஆனாலும் அவர் கேட்டதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டினேன்.

மழையை நம்பி மக்காச்சோளம் போடுவதில் குற்றமில்லை. நம் வட்டாரத்தில் போடாதவர் யார்? விலை இறங்காது என்பதுதான் சரியில்லை. 2025 நவம்பரில் கர்நாடகத்தில், குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்றிருக்க, சந்தையில் 2,000 ரூபாய்க்கும் கீழே விற்க நேர்ந்து விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். ஆலைக்கு எந்தத் தானியம் எவ்வளவு என்பது டில்லியில் எழுதப்படும் ஓர் உத்தரவு. அந்த உத்தரவு ஓராண்டில் இருமுறை மாறியதையும் மேலே கண்டோம். மொச்சையை விட்டுவிடுவது இரண்டாவது விஷயம். பயறு வகை மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும். மக்காச்சோளம் மண்ணிலிருந்து அதை வாரிக்கொள்ளும். யூரியாவைக் கொட்ட வேண்டும். 2018இல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழுவுக்கு மருந்தும் அடிக்க வேண்டும். யூரியா இட்ட நிலத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்ஸைடு, கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி பால் குரூட்சன், இதை மட்டும் கணக்கிட்டாலே மக்காச்சோள எத்தனாலின் நன்மை பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது என்று 2007இலேயே எழுதினார்.

மூன்றாவது, ஆழ்குழாய்க் கிணறு. இதில்தான் நான் சற்றுக் கடுமையாகப் பேசினேன். நம் பள்ளத்தாக்கின் கணக்கு ஊரறிந்தது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், கூடலூர் தொடங்கிக் கீழே 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முறை வைத்துப் பாய்கிறது. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. ஆறடித் தண்ணீருக்கு அத்தனை ஆண்டு வழக்காடிய ஊர் நம்முடையது! வாய்க்கால் எட்டாத மலையடிவாரத்துக்கு நிலத்தடி நீர் ஒன்றே சேமிப்பு. அதைக் குடிக்கவும், ஆடுமாட்டுக்கும், திராட்சைக் கொடிக்கும் எடுத்தது போக, யாரோ ஊர்தி ஓட்ட எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை என்றேன். அவர் இரண்டு ஏக்கரில் மட்டும் மழைக்கு மக்காச்சோளம் போட்டார்; போர் இறக்கவில்லை. லாபமா என்று அறுவடையில்தான் தெரிந்தது: பெரிதாக இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆலையின் கழிவு தனிக்கதை. பஞ்சாபின் ஜீரா பகுதியில் ஓர் எத்தனால் ஆலை தங்கள் நிலத்தடி நீரைக் கெடுப்பதாகக் கூறி 2022 ஜூலையிலிருந்து கிராமத்தார் வாசலில் அமர்ந்தார்கள். குளிரிலும் எழவில்லை. 2023 ஜனவரியில் அதை மூடும்படி முதலமைச்சர் உத்தரவிட்டார்.

உணவே வேண்டாம், உணவல்லாத செடியைத் தரிசில் வளர்ப்போம் என்ற யோசனையும் இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. காட்டாமணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஆடு கடிக்காது என்று நம் முன்னோர் வேலிக்கு வைத்த செடி. 2003இல் திட்டக் குழுவின் குழு ஒன்று, ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் இதை நடலாம் என்றது. 2005 சுதந்திர தினத்தின் முந்தைய மாலை, குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் நாட்டுக்கு ஆற்றிய உரையிலும் காட்டாமணக்கு இடம்பெற்றது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஐம்பது ஆண்டு காய்க்கும் என்றார்கள். தமிழக அரசும் மானியமும் கடனும் தந்து ஊக்குவித்தது. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆராய்ந்த பெரே அரீசா மொந்தோபியோ, சரத்சந்திர லேலே இருவரும் 2010இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி இல்லாதவருக்குக் கட்டுப்படியாகாது, சிறு விவசாயியே அதிகம் இழந்தார். தண்ணீரின்றிப் பிழைத்து நிற்கும் என்பது மெய்; பிழைத்து நிற்பதும் காய்த்துக் கொட்டுவதும் ஒன்றல்ல. கலாம் அவர்களின் நன்னோக்கத்தில் யாருக்கும் ஐயமில்லை. செடியின் குணம்தான் சொன்னபடி இல்லை.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது பக்கத்து விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர்க் கதை. தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலத்தில் அங்கே சீமைக் கருவேலம் நின்றது. எளியவர்கள் அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைத்தார்கள். ஜெனிஃபர் பாக்கா என்ற ஆய்வாளர் மற்றொருவருடன் சேர்ந்து கணக்கிட்டு 2014இல் வெளியிட்டதில், அந்த நிலத்தில் காட்டாமணக்கு தரக்கூடிய பயனுள்ள எரிசக்தியைவிட, ஏற்கெனவே அங்கிருந்த கருவேல விறகு 2.5 முதல் 10 மடங்கு வரை தந்தது. சீமைக் கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது நீரை உறிஞ்சும் என்று உயர் நீதிமன்றமே அகற்றச் சொன்ன மரம். ஆனால் 'வெற்று நிலம்' என்று அதிகாரி எழுதிய இடத்தில் நூறு வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்ததே!

நம் தேனி மாவட்டத்துக்கு இது வெறும் கதையல்ல. நம் மலைமாடுகள் காலங்காலமாகக் காட்டில் மேய்ந்தவை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் காட்டில் மாடு மேய்ப்பதற்கு உயர் நீதிமன்றம் தடை விதித்து, பின் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. புலிக்கு இடம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காடு மூடப்பட்டால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மிஞ்சுவது ஊர்ப் பொது நிலமும் தரிசும்தான். வைக்கோலை எடுத்து எத்தனால் காய்ச்சும் புதுமுறையும் பானிப்பட்டில் 2022இல் தொடங்கியிருக்கிறது. வைக்கோலைக் கொளுத்தும் பஞ்சாப், ஹரியானாவுக்கு அது வரமாகலாம். இங்கே வைக்கோல் மாட்டின் உணவு. கட்டுக் கட்டாகக் கேரளத்துக்கு லாரி ஏறும் சரக்கு. அங்கே கழிவாக இருப்பது இங்கே கழிவல்ல.

ஆண்டிப்பட்டிக் கணவாய்ப் பக்கம் போனால் காற்றாலைகள் சுழல்வதைக் காணலாம். அவற்றின் அடியிலேயே ஆடு மேய்கிறது, உழவும் நடக்கிறது. சூரிய ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பயிர் சேமிப்பதில்லை. சூரியத் தகடு இருபது பங்கை மின்சாரமாக்குகிறது. மின்சாரத்தில் ஓடும் இருசக்கர வண்டி நம் ஊர்த் தெருக்களுக்கே வந்துவிட்ட பிறகு, வயலைப் பெட்ரோல் தொட்டியில் ஊற்ற இத்தனை அவசரம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

தரிசில் எரிபொருள் பயிர் நடப்போகிறோம் என்று நாளை யாரேனும் உங்கள் ஊருக்கு வந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் புல எண்ணுக்கு நேரே 'மேய்க்கால் புறம்போக்கு' என்றிருந்தால், அதை வேறு வகைக்கு மாற்றும் பேச்சைக் கிராம சபையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. ஆடு வளர்க்கும் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; எந்தப் புல எண்ணில் எந்த மாதம் புல் இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.